ரூ.120/- என்பது எத்தனை ரூபாய்?

தமிழ்ப் புத்தகத்தின் பின்னட்டையில் விலை 'ரூ.120/-' என்று அச்சாகியிருக்கும். கடையில் புரட்டிப் பார்ப்பவருக்கு இதில் ஒரு குழப்பமும் கிடையாது. இதே எழுத்தை வலைப்பக்கத்தில் போட்டு, விலையைப் படித்துச் சொல் என்று ஒரு நிரலிடம் கொடுத்தபோது அது பன்னிரண்டு பைசா என்றது. நிரலைக் குறை சொல்ல முடியாது. எண்களையும் புள்ளியையும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடு என்றுதான் அதற்குச் சொல்லியிருந்தார்கள். 'ரூ' போயிற்று. '/-' போயிற்று. 'ரூ'வுக்குப் பின்னால் இருந்த புள்ளி மட்டும் தங்கிவிட்டது. புள்ளி 120 என்றால் கணக்குப்படி 0.12.

சென்னையில் பதிப்பகங்களுக்கு இணையதளம் செய்து கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் எனக்கு வாய்த்த வேலை, இந்தப் புள்ளியைப் போன்ற விஷயங்களுக்கு விதி எழுதுவது. பக்கத்தில் மனிதர் படிக்கும் எழுத்து இருக்கிறது. அதிலேயே 'இது விலை', 'இது ஆசிரியர் பெயர்', 'இது வெளியான மாதம்' என்று இயந்திரத்துக்கு மட்டும் தெரியும்படி அடையாளம் வைக்க வேண்டும். அந்த அடையாளம் எச்டிஎம்எல் டேகுக்குள் ஆட்ரிபியூட்டாகப் போகும். எந்த டேகில் எந்த ஆட்ரிபியூட், மதிப்பை எங்கிருந்து எடுப்பது, இரண்டு ஆட்ரிபியூட் ஒரே டேகில் வந்தால் யார் சொல் செல்லும் என்பதெல்லாம்தான் விதி. வெளியாருக்குச் சொன்னால் கொட்டாவி விடுவார்கள். வீட்டில் நான் விளக்குவதையே விட்டுவிட்டேன்.

விலைக்கான எங்கள் விதி எளிமையானது. ஸ்பான் டேக் எண்ணை மட்டும் சுற்ற வேண்டும். 'ரூ.' ஸ்பானுக்கு வெளியே, '/-' ஸ்பானுக்கு வெளியே. நாணயம் பக்கத்திலேயே ஒரு மெட்டா டேகில் 'ஐஎன்ஆர்' என்று தனியாகப் போகும். பார்ப்பவர் கண்ணுக்கு வழக்கம்போல 'ரூ.120/-' தெரியும், இயந்திரத்துக்கு 120 கிடைக்கும். கன்டென்ட் என்றொரு ஆட்ரிபியூட் இருக்கிறதே, அதில் 120 என்று எழுதிவிட்டு வெளியே எப்படி வேண்டுமானாலும் காட்டலாமே என்று எங்கள் டெவலப்பர்கள் ஒவ்வொரு முறையும் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் பதிவேற்றும் அக்கா.

ஒரு பதிப்பகத்தில் புதுப் புத்தகங்களைத் தளத்தில் ஏற்றும் பொறுப்பு அவருடையது. பில் போடுவது, பார்சல் கட்டுவது, மெய்ப்பை ஆசிரியருக்கு அனுப்புவது எல்லாவற்றுக்கும் நடுவில் இதையும் செய்வார். ஒரு மத்தியானம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எப்படி ஏற்றுகிறார் என்று பார்த்தேன். முந்தைய புத்தகத்தின் பக்கத்தைத் திறந்தார். மொத்தத்தையும் காப்பி செய்தார். புதுப் பக்கத்தில் ஒட்டினார். தலைப்பை மாற்றினார், ஆசிரியரை மாற்றினார், விலையை மாற்றினார், அட்டைப்படத்தை மாற்றினார்.

"அக்கா, இந்தக் குறிக்குள்ள இருக்கிறதை மாத்த வேண்டாமா?" என்று டேகைக் காட்டிக் கேட்டேன்.

"அது உங்க சமாச்சாரம் தம்பி. அதுல கை வெச்சா பக்கம் கோணிக்குது. நான் கண்ணுக்குத் தெரியிறதை மட்டும்தான் மாத்துவேன்."

அதற்கு மேல் எனக்குப் பாடம் எதுவும் தேவைப்படவில்லை. கன்டென்ட் ஆட்ரிபியூட்டில் நாங்கள் 120 என்று எழுதி வைத்தால், அடுத்த புத்தகத்துக்குக் கண்ணுக்குத் தெரியும் விலை 180 ஆகும், உள்ளே 120 அப்படியே இருக்கும். மனிதருக்கு ஒரு விலை, இயந்திரத்துக்கு ஒரு விலை. தேடுபொறி 120 என்று காட்டும், வாசகர் வந்து பார்த்து 180 என்றதும் பதிப்பகத்துக்கு ஃபோன் செய்து திட்டுவார். அந்த ஃபோனை எடுப்பவரும் அக்காதான். விதி எழுதும்போது அதை ஒழுங்காகப் படித்துப் பின்பற்றும் டெவலப்பரை மனதில் வைத்துக்கொள்வது சுலபம். அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதே பெரிய கற்பனை. விதி இருப்பதே தெரியாமல், பாதியை வெட்டி வேறிடத்தில் ஒட்டுபவர் கையில் அது என்ன ஆகிறது என்று பார்த்துத்தான் ஒரு விதியை நல்லது, கெட்டது என்பேன். இந்தத் துறையில் நடந்த பெரிய சண்டைகளை எல்லாம் நான் இந்தக் கண்ணோடுதான் படித்தேன்.

ஆரம்பத்தில் இருந்த நிலைமை இன்னும் மோசம். 2002இல் கிரியேட்டிவ் காமன்ஸ் தன் உரிமங்களை வெளியிட்டபோது, இந்தப் பக்கம் இன்ன உரிமத்தின் கீழ் வருகிறது என்ற தகவலை இயந்திரம் படிப்பதற்கான ஆர்டிஎஃப் வடிவத்தில் எழுதி எச்டிஎம்எல் கமென்டுக்குள் வைக்கச் சொன்னது. வேறு சுலபமான வழி இருக்கவில்லை. வெளியே வைத்தால் பக்கம் வேலிடேட் ஆகாது. கமென்ட் என்பதோ பிரௌசரே படிக்காமல் தாண்டிப்போகும் இடம். பக்கத்தைச் சுருக்கும் எந்தக் கருவியும் முதலில் வெட்டுவது அதைத்தான். இந்தச் சங்கடத்திலிருந்து பிறந்ததுதான், ஆர்டிஎஃபை ஆட்ரிபியூட்டுகளிலேயே எழுதும் ஆர்டிஎஃப்ஏ. மார்க் பிர்பெக் போட்ட விதை, கிரியேட்டிவ் காமன்ஸில் இருந்த பென் அடீடா முன்னின்று நடத்திய குழு, 2008 அக்டோபரில் வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சியின் பரிந்துரை. உரிமத்துக்குப் போகும் லிங்க் பக்கத்தில் எப்படியும் இருக்கிறது, அந்த லிங்கிலேயே ரெல் ஆட்ரிபியூட்டில் 'லைசென்ஸ்' என்று எழுதிவிட்டால் மனிதருக்கும் இயந்திரத்துக்கும் அது ஒன்றே போதும். இந்த யோசனையைப் பார்த்து நான் உண்மையிலேயே மகிழ்ந்தேன். ஒரே எழுத்து, இரண்டு வாசகர்கள்.

இதற்கு முன்பே, 2005இல், மைக்ரோஃபார்மட்காரர்கள் வேறொரு வழியில் கிளம்பியிருந்தார்கள். புது ஆட்ரிபியூட் எதுவும் வேண்டாம், ஏற்கெனவே இருக்கும் கிளாஸ் ஆட்ரிபியூட்டிலேயே பெயர் வைத்துக்கொள்வோம் என்றார்கள். ஆளுக்கு எச்கார்டு, நிகழ்ச்சிக்கு எச்கேலண்டர். கற்றுக்கொள்ள அரை மணி நேரம் போதும். அதிலும் இரண்டு இடத்தில் இடறியது. முதலாவது எல்லோருக்கும் தெரிந்தது. தேதியை இயந்திரம் படிக்கும் வடிவத்தில் ஆப்ர் டேகின் டைட்டில் ஆட்ரிபியூட்டில் வைக்கச் சொன்னார்கள். டைட்டிலை உரக்கப் படிக்கும்படி வைத்திருக்கும் ஸ்க்ரீன் ரீடரில், பார்வையற்றவர் காதில் 'நாளை மாலை 7 மணி' என்பதற்குப் பதிலாக ஒரு நீண்ட எண் வரிசை விழுந்தது. 2008இல் பிபிசி தன் நிகழ்ச்சிப் பக்கங்களிலிருந்து எச்கேலண்டரை எடுத்துவிட்டது. எடுத்தது சரி. இயந்திரத்துக்கு வைத்த சாப்பாட்டை மனிதர் தட்டில் கொட்டினால் யார்தான் பொறுப்பார்கள்.

இரண்டாவது இடறல் தமிழ்ப் பெயர்களோடு வேலை செய்பவர்களுக்கு மட்டுமே தெரியும். எச்கார்டில் ஒரு குறுக்குவழி உண்டு. முழுப் பெயர் இரண்டு சொல்லாக இருந்தால் முதலாவது இட்ட பெயர், இரண்டாவது குடும்பப் பெயர் என்று பார்சரே எடுத்துக்கொள்ளும். இரண்டாவது சொல் ஒற்றை எழுத்தாகவோ, ஒற்றை எழுத்தும் புள்ளியுமாகவோ இருந்தால் தலைகீழாக, முதலாவது குடும்பப் பெயர். நம் ஊர் எழுத்தாளர் 'ரா. கணேசன்' என்று இருந்தால் என்ன ஆகும்? இட்ட பெயர் 'ரா.', குடும்பப் பெயர் கணேசன். சிலர் 'கணேசன் ரா.' என்று போடுவார்கள். ஆங்கில எழுத்தில் அப்படி எழுதினால் இனிஷியல் ஒற்றை எழுத்து, விதிவிலக்கு பாயும், கணேசன் மறுபடியும் குடும்பப் பெயர். தமிழில் எழுதினால் 'ரா' நம் கண்ணுக்கு ஓரெழுத்து, யூனிகோடில் ரகரமும் துணைக்காலும் சேர்ந்த இரண்டு குறியீடு. 'எஸ்' என்றால் மூன்று. விதிவிலக்கு பாயாது, அவருடைய அப்பாவின் முதலெழுத்து குடும்பப் பெயராகிவிடும். ஒரே ஆள், ஒரே பக்கம், மொழி மாற்றும் பட்டனை அழுத்தினால் குடும்பமே மாறிவிடுகிறது. விதி எழுதியவர்கள் தங்களுக்குத் தெரிந்த பெயர்களை வைத்து எழுதினார்கள், அதில் வன்மம் ஒன்றுமில்லை. ஊகம் செய்யும் விதியை நான் அன்றிலிருந்து அடியோடு தவிர்க்கிறேன். எங்கள் தளங்களில் பெயருக்கு 'நேம்' என்ற ஒரே ப்ராப்பர்ட்டிதான். அதைப் பிரிக்கும் வேலை யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

ஆர்டிஎஃப்ஏவுக்கு வருகிறேன். அதன் யோசனை அழகு, நடைமுறை கனம். அபௌட், ரெல், ரெவ், ப்ராப்பர்ட்டி, கன்டென்ட், டேட்டாடைப், டைப்ஆஃப், ரிசோர்ஸ், இவற்றோடு ஏற்கெனவே இருந்த எச்ரெஃப், எஸ்ஆர்சி. எழுத்தாக இருக்கும் மதிப்புக்கு ப்ராப்பர்ட்டி, முகவரியாக இருக்கும் மதிப்புக்கு ரெல். இந்தப் பிரிவினை காகிதத்தில் தெளிவானது. ஆசிரியர் பெயரைச் சுற்றி ஒரு ஸ்பான், அதில் ப்ராப்பர்ட்டி. வேலை முடிந்தது. ஆறு மாதம் கழித்துப் பதிப்பகம், ஆசிரியர் பெயரைத் தட்டினால் அவருடைய மற்ற புத்தகங்கள் வர வேண்டும் என்று கேட்கும். ஸ்பான் ஆங்கர் டேக் ஆகும், ப்ராப்பர்ட்டி அப்படியே அதில் ஏறும். 2008ஆம் ஆண்டு விதிப்படி மதிப்பு இன்னும் பெயர்தான். 2012 ஜூனில் வந்த 1.1 விதிப்படி, ரெல் இல்லாமல் ப்ராப்பர்ட்டியும் எச்ரெஃபும் ஒரே டேகில் இருந்தால் மதிப்பு அந்த முகவரி. எழுதியவர் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை, 'ஆசிரியர்: கணேசன்' என்பது 'ஆசிரியர்: ஒரு யூஆர்எல்' ஆகிவிட்டது. ஆர்டிஎஃப்ஏவுக்குப் போட்டியாக வந்த மைக்ரோடேட்டாவிலும் இதே கதைதான், ஆங்கர் டேகில் ஐட்டம்ப்ராப் போட்டால் எச்ரெஃபைத்தான் எடுக்கும்.

1.1 செய்தது சரியா? சரி என்பேன். ரெல் வேறு, ப்ராப்பர்ட்டி வேறு என்பதை நான் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்தாலும் யாருக்கும் நிற்கவில்லை. ஒரே ஆட்ரிபியூட், டேகைப் பார்த்து மதிப்பைத் தீர்மானிக்கட்டும் என்பது மனிதர் கைக்கு ஒத்துவருகிறது. லிங்கையும் வைத்துக்கொண்டு எழுத்தையும் எடுக்க வேண்டுமென்றால் ஆங்கருக்கு உள்ளே இன்னொரு ஸ்பான். எங்கள் விதிப்புத்தகத்தில் இது தடித்த எழுத்தில் இருந்தது: லிங்க் வெளியே, பெயர் உள்ளே.

ரெல் இன்னொரு வேடிக்கையும் காட்டியது. எடிட்டர் மென்பொருள்கள் வெளி லிங்குகளுக்குத் தாமாகவே ரெல் ஆட்ரிபியூட்டில் 'நோஃபாலோ', 'நோஓப்பனர்' என்று சேர்த்துவிடும். ரெல் வந்துவிட்டதால் ப்ராப்பர்ட்டியின் பொருள் மாறும். தரவு எழுதியவர் தூங்கிக்கொண்டிருக்க, ப்ளக்இன் ஒன்று அவருடைய வாக்கியத்தைத் திருத்திவிட்டுப் போகும். பின்னால் எச்டிஎம்எல்லுக்கான ஆர்டிஎஃப்ஏ விதியில் இதற்கு ஒட்டுப்போட்டார்கள். ஒரே டேகில் ப்ராப்பர்ட்டியும் ரெல்லும் இருந்தால், ரெல்லில் வெறும் சொல்லாக இருப்பதைக் கண்டுகொள்ளாதே என்று. ஒட்டு போடத் தெரிந்தவர்கள்மீது எனக்கு மரியாதை அதிகம்.

ப்ரிஃபிக்ஸ் சண்டையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆர்டிஎஃப்ஏவின் முதல் பதிப்பில் 'டிசி' என்றால் டப்ளின் கோர் என்ற சொல்தொகுதி என்று பக்கத்தின் தலையில் எக்ஸ்எம்எல் நேம்ஸ்பேஸாக அறிவிக்க வேண்டும். உள்ளே நூறு வரி தள்ளி 'டிசி:டைட்டில்' என்று பயன்படுத்தலாம். அக்கா அந்த நூறாவது வரியைத்தான் காப்பி செய்வார், தலையை இல்லை. ஒட்டிய இடத்தில் 'டிசி' யாருக்கும் தெரியாத ஆள். போதாக்குறைக்கு அந்த அறிவிப்பு எக்ஸ்எச்டிஎம்எல்லாகப் போனால் நேம்ஸ்பேஸ், சாதாரண எச்டிஎம்எல்லாகப் போனால் நடுவில் கோலன் உள்ள வெறும் ஆட்ரிபியூட். ஸ்கிரிப்ட் எழுதுபவர் இரண்டையும் சோதிக்க வேண்டும். எச்டிஎம்எல்5ஐ எழுதிக்கொண்டிருந்த இயன் ஹிக்சன் இதையெல்லாம் காரணம் காட்டித்தான் 2009இல் மைக்ரோடேட்டாவைக் கொண்டுவந்தார். ப்ரிஃபிக்ஸே கிடையாது, ஐட்டம்டைப்பில் முழு முகவரி. இரண்டு தரப்பும் அஞ்சல் குழுக்களில் அடித்துக்கொண்டதைப் படிக்கப் பொறுமை வேண்டும். மைக்ரோடேட்டாவில் எனக்குப் பிடித்தது அந்தச் சண்டையில் இல்லை, கூகுளில் சிலரை உட்காரவைத்து இந்த ஆட்ரிபியூட்டுகளை எழுதச் சொல்லிப் பார்த்த பரிசோதனையில் இருக்கிறது. முதல் வடிவில் 'ஐட்டம்' என்ற ஒரே ஆட்ரிபியூட் இங்கே ஒரு பொருள் தொடங்குகிறது என்றும் சொல்லும், அது என்ன வகை என்றும் சொல்லும். எழுதிப் பார்த்தவர்கள் குழம்பினார்கள். ஹிக்சன் அதை ஐட்டம்ஸ்கோப், ஐட்டம்டைப் என்று இரண்டாகப் பிரித்தார். விதி நீளமானது, குழப்பம் குறைந்தது. மேசையில் உட்கார்ந்து யோசித்தால் யாருக்கும் தோன்றாத திருத்தம் அது.

2011 ஜூன் 2ஆம் தேதி கூகுள், பிங், யாஹூ மூன்றும் சேர்ந்து ஸ்கீமா.ஆர்க் என்ற பொதுச் சொல்தொகுதியை அறிவித்தன. அதை முன்னின்று நடத்தியவர் ஆர். வி. குஹா, நம் சென்னை ஐஐடியில் மெக்கானிக்கல் படித்தவர். ஆர்டிஎஃப், ஆர்எஸ்எஸ் இரண்டின் தொடக்கத்திலும் அவர் கை இருந்தது. ஸ்கீமா.ஆர்க் முதலில் மைக்ரோடேட்டாவைத்தான் கேட்டது. எங்கள் க்ளையன்ட்களுக்கு டபிள்யூ3சி என்றால் என்னவென்று தெரியாது, கூகுளைத் தெரியும். ஒரே மாதத்தில் எல்லா டெம்ப்ளேட்டும் மாறின. ஆர்டிஎஃப்ஏ தரப்பும் அடங்கிப்போகவில்லை. மானு ஸ்போர்னி தொகுத்த ஆர்டிஎஃப்ஏ லைட், வோகாப், டைப்ஆஃப், ப்ராப்பர்ட்டி, ரிசோர்ஸ், ப்ரிஃபிக்ஸ் என்று ஐந்தே ஆட்ரிபியூட்டில் நின்றது. 1.1இல் புழக்கத்திலுள்ள ப்ரிஃபிக்ஸ்களை அறிவிக்காமலே பார்சர் புரிந்துகொள்ளும் ஏற்பாடும் வந்தது. அக்கா இப்போது நூறாவது வரியை மட்டும் வெட்டினாலும் பிழைத்துக்கொள்ளும். ஃபேஸ்புக்கில் லிங்க் போட்டால் படமும் தலைப்பும் வருகிறதே, அந்த ஓப்பன் கிராஃப் மெட்டா டேகுகளும் ஆர்டிஎஃப்ஏ வழிதான். கோடிக்கணக்கான பக்கங்களில் அது இருக்கிறது, எழுதியவர்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பெயரே தெரியாது. ஒரு விதிக்கு இதைவிடப் பெரிய வெற்றி என்ன வேண்டும்.

கண்ணுக்குத் தெரிவதே மதிப்பு என்ற என் பிடிவாதத்தை உடைத்தது திருவள்ளுவர் ஆண்டு. தனித்தமிழ்ப் பதிப்பகம் ஒன்று வெளியீட்டு ஆண்டை 'தி.ஆ. 2042' என்றுதான் போடும். டைம் டேகின் டேட்டைம் ஆட்ரிபியூட் கிரிகோரியன் ஆண்டை மட்டுமே ஏற்கும். இங்கே காட்டுவதும் கொடுப்பதும் வேறாகத்தான் இருக்க வேண்டும். 31ஐக் கழித்தால் போதுமே, டெம்ப்ளேட்டே செய்துகொள்ளட்டும் என்றார் ஒரு டெவலப்பர் தம்பி. திருவள்ளுவர் ஆண்டு பிறப்பது தையில். சென்னைப் புத்தகக் காட்சி பெரும்பாலும் பொங்கலுக்கு முன்பே தொடங்கிவிடும். பாதிப் புத்தகங்கள் அப்போதுதான் வெளியாகின்றன. 2012 ஜனவரி முதல் வாரத்தில் வந்த புத்தகத்துக்கு இன்னும் மார்கழி, இன்னும் தி.ஆ. 2042, கழித்தால் 2011. அதனால் பதிவேற்றும் படிவத்தில் நாளுக்கும் மாதத்துக்கும் ஆண்டுக்கும் தனிக் கட்டம் வைத்து, அதிலிருந்தே டேட்டைமும் திருவள்ளுவர் ஆண்டும் உருவாகும்படி செய்தோம். கையால் எழுதும் இடத்தில் மறைவான மதிப்பு கூடாது, ஒரே மூலத்திலிருந்து டெம்ப்ளேட் இரண்டையும் எழுதினால் கூடும் என்று விதி திருத்தப்பட்டது. அதே பதிப்பகம் விலையைத் தமிழ் எண்ணில் '௧௨௦' என்று போட ஆசைப்பட்டபோது, இயந்திரத்துக்கான மதிப்பைத் தனியே ஏந்தும் டேட்டா டேக் கை கொடுத்தது. 2011 அக்டோபரில் ஹிக்சன் டைம் டேகையே தூக்கிவிட்டு அதன் இடத்தில் இந்த டேட்டா டேகை வைத்தார். ஊரே கத்தியதும் சில வாரங்களில் டைம் திரும்பி வந்தது. வந்த விருந்தாளி போகாமல் தங்கிவிட்டதில் எங்களுக்குத்தான் லாபம்.

இன்று புதிதாக வருபவர்கள் இதில் எதையும் படிப்பதில்லை. 2014 ஜனவரியில் ஜேசன்-எல்டி டபிள்யூ3சியின் பரிந்துரையானது. கூகுளும் அதைத்தான் சிபாரிசு செய்கிறது. பக்கத்தின் ஒரு மூலையில் ஒரு ஸ்கிரிப்ட் டேக், அதற்குள் எல்லாத் தகவலும். டேக் எங்கே, ஆங்கர் எங்கே, ஸ்பான் எதைச் சுற்ற வேண்டும் என்ற கவலையே இல்லை. வடிவமைப்பை எப்படி மாற்றினாலும் தரவு அசையாது. சௌகரியம்தான், நானும் அதைத்தான் எழுதுகிறேன். கமென்டுக்குள் ஆர்டிஎஃப் வைத்த காலத்துக்குக் கொஞ்சம் திரும்பிப் போயிருக்கிறோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மறுபடியும் இரண்டு பிரதி, மறுபடியும் ஒன்று கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் தெரியாததை மார்க்அப்பில் சொல்லாதே என்று கூகுளே விதி வைத்திருப்பதற்கு, இரண்டும் விலகிப்போவது அவர்களுக்கும் தெரியும் என்றுதான் அர்த்தம். எங்கள் சர்வரில் ராத்திரி ஒரு சிறு நிரல் ஓடுகிறது. ஜேசன்-எல்டியில் உள்ள விலையையும் பக்கத்தில் ஸ்பான் சுற்றிய விலையையும் ஒப்பிட்டு, வேறுபட்டால் பட்டியல் போடும். பட்டியல் காலியாக இருந்த வாரம் குறைவு. பழைய ஸ்பானை எடுத்துவிடலாமே என்று கேட்பவர்களுக்கு அந்தப் பட்டியலைத்தான் காட்டுகிறேன்.

இப்போது மேசையில் இருப்பது முன்வெளியீட்டுத் திட்டம். ரூ.900 விலையுள்ள தொகுப்பு, பிப்ரவரி கடைசிக்குள் பணம் கட்டினால் ரூ.600. ஸ்கீமா.ஆர்க்கில் ஆஃபருக்கு 'ப்ரைஸ்வேலிட்அன்டில்' என்ற ப்ராப்பர்ட்டி இருக்கிறது, கடைசித் தேதியை அதில் போடலாம். பதிப்பாளர்கள் அந்தத் தேதியை நீட்டிக்காமல் விட்டதே இல்லை. நீட்டிப்பு அறிவிப்பு முதலில் ஃபேஸ்புக்கில் வரும், பிறகு வாட்ஸப்பில் வரும், தளத்துக்குக் கடைசியில் வரும், சில சமயம் வராது. தேதியைக் கட்டாயமாக்கினால் மார்ச் 1ஆம் தேதி தேடுபொறியின் கணக்கில் ரூ.600 காலாவதியாகியிருக்கும், அக்கா ஃபோனில் ரூ.600க்கே பதிவு செய்துகொண்டிருப்பார். கட்டாயமாக்காவிட்டால் திட்டம் முடிந்து வருடமான பிறகும் ரூ.600 உலவும். தேதியை எழுத்தாகவே பக்கத்தில் பெரிதாகக் காட்டி, அதையே டைம் டேகால் சுற்றலாம் என்பது என் கட்சி. தேதி கடந்துவிட்டால் படிவம் திறந்ததும் முதலில் அதைக் கேட்க வேண்டும் என்பது அக்கா சொன்ன திருத்தம். இரண்டையும் சேர்த்து எழுதி அனுப்பியிருக்கிறேன். பதிப்பாளர் பெரிதாகக் காட்டுவதற்கு மட்டும் ஒப்புக்கொள்ள மறுக்கிறார்.